மறுப்பு ஒண்ணும் இல்லையே?

தண்ணிக்காரர் என்றதும் குடிகாரர் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். அவர் டிராக்டரில் டேங்கரை மாட்டிக்கொண்டு ஊர் ஊராகத் தண்ணீர் ஊற்றுகிறவர். அந்தத் தண்ணி வேறு, இந்தத் தண்ணி வேறு. அந்தத் தண்ணியை அவர் தொட்டதில்லை. தொட்டிருந்தால் துக்கத்தை அதில் கரைத்துவிட்டு எங்கேயாவது விழுந்து கிடந்திருப்பார். டாக்டரும் தப்பித்திருப்பார்.

டாக்டருக்கு ஊர் வைத்த பெயர் செவ்வாய். சுகாதார நிலையத்துக்கு அவர் செவ்வாய்க்கிழமை மட்டும்தான் வருவார். மற்ற நாளெல்லாம் டவுனில் சொந்தக் கிளினிக். "நோவு வந்தா செவ்வாய் வரைக்கும் அடக்கி வெச்சுக்க" என்பது அந்தப் பக்கத்தில் பழகிப்போன கேலி. சிரிக்கிறவன் வீட்டில் நோவு வராத வரைக்கும் அது கேலிதான்.

தண்ணிக்காரர் மகளுக்குத் தலைப்பிரசவ வலி வந்தது ஒரு வியாழக்கிழமை.

டேங்கரைக் கழற்றிவிட்டு டிரெய்லரை மாட்டி, மெத்தை போட்டு மகளைப் படுக்க வைத்தார். பெண்டாட்டி பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். பதினோரு கிலோமீட்டர், பாதி ரோடு, பாதி பள்ளம். மருமகனுக்கு வெளியூரில் வேலை, தகவல் சொல்லி அவன் வந்து சேர்ந்தது எல்லாம் முடிந்த மறுநாள். காலை பத்து மணிக்குச் சுகாதார நிலையத்து வாசலில் வண்டி நின்றது. உள்ளே இருந்தது இரண்டே பேர். மாத்திரை எடுத்துக் கொடுக்கிற மருந்துக்காரர் ஒருவர், கூட்டிப் பெருக்குகிற ஆயாம்மா ஒருத்தி. நர்சம்மா எங்கே? செவ்வாயின் டவுன் கிளினிக்கில். சம்பளம் இங்கே, வேலை அங்கே. ஆஸ்பத்திரி வண்டி? அதுவும் அங்கேதான், டாக்டர் பெண்டாட்டிக்குக் காய்கறி ஏற்றிக்கொண்டு.

மருந்துக்காரர் போனைக் காதில் வைத்துக்கொண்டு, "வந்துக்கிட்டே இருக்காங்க" என்றார். பதினொரு மணிக்கும் அதையே சொன்னார். பன்னிரண்டுக்கும் அதையே சொன்னார்.

"நாங்களே டவுனுக்குக் கொண்டுபோயிடறோம்" என்றார் தண்ணிக்காரர்.

"வழியில ஏதாச்சும் ஆனா யார் பொறுப்பு? இதோ வந்துட்டாங்கன்னு சொல்றேன்ல."

ஒரு மணிக்கு ஆயாம்மாதான் கையைக் கழுவிக்கொண்டு பிரசவம் பார்த்தாள். குழந்தை அழவில்லை. தாய்க்கு ரத்தம் நிற்கவில்லை. அதை நிறுத்துகிற ஊசி பிரிட்ஜில் இருந்தது. பிரிட்ஜுக்குப் பூட்டு. சாவி நர்சம்மாவின் இடுப்புக் கொத்தில்.

"உடைங்கய்யா!" என்றார் தண்ணிக்காரர்.

"அரசாங்கச் சொத்துங்க" என்றார் மருந்துக்காரர்.

சொத்து என்ற வார்த்தையைக் கேட்டதும் தண்ணிக்காரர் நின்றுவிட்டார். வெளியே டிராக்டரில் இரண்டு கிலோ வீல் ஸ்பானர் கிடந்தது. எடுத்து வந்து ஒரு போடு போட்டிருக்கலாம். போடவில்லை. யாரையும் நம்பாத மனுஷன், அன்றைக்கு மட்டும் ஒருத்தன் பேச்சை நம்பி நின்றார். இரண்டே முக்காலுக்கு வெளிவராந்தா பெஞ்சின் மேல் மகள் போய்விட்டாள்.

நான்கு மணிக்கு மருந்துக்காரர் அச்சடித்த தாள் ஒன்றோடு வந்தார். மெதுவாகத்தான் பேசினார். நல்லவர் மாதிரிதான் பேசினார்.

"உடம்ப எடுத்துக்கிட்டுப் போக உங்களுக்கு மறுப்பு ஒண்ணும் இல்லையே?"

"இல்லீங்க."

"அப்ப இதுல ஒரு கையெழுத்துப் போடுங்க."

தண்ணிக்காரருக்குப் படிக்க வராது. பேரை மட்டும் எழுத வரும். கைநாட்டு என்று யாரும் சொல்லக் கூடாதென்று முப்பது வயசுக்கு மேல் கற்றுக்கொண்ட கையெழுத்து. அதை அழகாகப் போட்டுக் கொடுத்துவிட்டு மகளையும் அழாத அந்தக் குழந்தையையும் அதே டிரெய்லரில் ஏற்றிக்கொண்டு வந்தார்.

மூன்று மாதம் கழித்து ஒரு அம்மா கோப்போடு வீட்டுக்கு வந்தாள். பிரசவத்தில் செத்தவர்களைக் கணக்கெடுக்கிறார்களாம். நாற்காலி போட்டுத் தண்ணீர் கொடுத்தார்கள். குடித்துவிட்டு அவள் கேட்டாள்:

"ஆஸ்பத்திரிக்கு அனுப்ப ஏன் மறுத்தீங்க?"

"யார் மறுத்தா?" என்றாள் தண்ணிக்காரர் பெண்டாட்டி.

"இதுல இருக்கேம்மா. மறுப்புக் கடிதம். 'பலமுறை அழைத்தும் என் மகளை மருத்துவமனைக்கு அனுப்ப மறுத்துவிட்டேன். அவளும் வர மறுத்துவிட்டாள். நேர்ந்த எதற்கும் மருத்துவமனை பொறுப்பல்ல.' கீழ கையெழுத்து இருக்கு."

தாளைத் திருப்பிக் காட்டினாள். தண்ணிக்காரர் பெயர். முத்து முத்தாக.

அவருக்கு முதலில் புரியவில்லை. பிறகு புரிந்தது. மறுப்பு இல்லையே என்று கேட்டு, இல்லை என்று சொல்ல வைத்து, மறுக்கிறேன் என்று எழுதி வாங்கியிருக்கிறான். சிலேடை பாடுகிற புலவன்கூட இப்படி ஒரு வார்த்தையை இரண்டாகப் பிளக்க மாட்டான்.

"இது பொய்ம்மா. நாங்க காலையில பத்து மணிக்கே போயிட்டோம்."

"இருக்கலாம் ஐயா. ஆனா கையெழுத்து உங்களுதுதானே? எழுதினது எழுதினதுதான். அந்த டாக்டரே மாத்தி எழுதிக் குடுத்தாத்தான் உண்டு."

அவள் போன பிறகு பெண்டாட்டி வாசற்படியிலேயே உட்கார்ந்திருந்தாள். பிறகு சொன்னாள்: "வரமாட்டேன்னு அவ சொன்னாளா? கடைசி மூச்சு வரைக்கும் ஆஸ்பத்திரியிலதானே கிடந்தா? அவளுக்குப் பதிலா நீங்க மறுத்துட்டு வந்துட்டீங்க." அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவள் அவரோடு பேசவில்லை. சோறு வைப்பாள், துணி துவைப்பாள். பேச்சு கிடையாது.

அந்த வார்த்தையை மாற்றி எழுத வைக்க வேண்டும். எழுத வேண்டியவன் செவ்வாய். சும்மா கேட்டால் எழுதுவானா? அடியாத மாடு படியாது. ஆகவே அடிக்க வேண்டும். எப்படி அடிப்பது என்பதுதான் கேள்வி.

முதலில் தண்ணீரை நிறுத்தினார். சுகாதார நிலையத்துத் தொட்டிக்கு வாரம் இரண்டு நடை அவர்தான் ஊற்றுவார். பத்து நாள் போகவில்லை. பதினோராம் நாள் ஆயாம்மா பஸ் ஏறி அவருடைய கொட்டகைக்கே வந்துவிட்டாள்.

"என்னண்ணே, பெரிய வீரனாயிட்டீங்களா?"

"அவன் நாக்கு வறளட்டும்."

"அவன் நாக்கா? அவன் பாட்டில் தண்ணி குடிக்கிறவன். அதுவும் வாரத்துல ஒரு நாள். வறண்டது அங்க படுத்துக்கிடக்கிற பொம்பளைங்க நாக்கு. நேத்து ஒருத்திக்குக் கால் கழுவ நான் ரெண்டு தெரு நடந்து ஒரு குடம் வாங்கிட்டு வந்தேன். எலி மேல இருக்கிற கோவத்துல வீட்டைக் கொளுத்தறீங்களே!"

ஆயாம்மா குரலைத் தாழ்த்தினாள்.

"உங்க கடிதம் ஒண்ணுதான்னு நெனச்சீங்களா? பீரோவுல ஒரு கட்டே இருக்கு. நாப்பத்துமூணு. நான் தூசி தட்டும்போது எண்ணிப் பாத்தேன். இந்தச் சுத்துவட்டாரத்துல ஒருத்தியும் ஆஸ்பத்திரிக்கு வர மாட்டேங்கிறாளாம். எல்லாரும் மறுத்துட்டாங்களாம். கணக்கைப் பாத்தா இங்க பொம்பளைங்க பிள்ளை பெக்கிறதே திருட்டு வேலை மாதிரி, ரகசியமா."

"அவன் கையைக் கால உடைச்சா..."

"உடைங்க. நீங்க உள்ள போவீங்க, அவன் கட்டுப் போட்டுக்கிட்டு லீவுல கிளினிக்ல உக்காருவான். அண்ணே, அவன் எதுக்குப் பயப்படுவான்னு நான் சொல்லட்டுமா? வராதவங்களுக்கு அவன் பயப்படல. வந்தவங்களுக்குத்தான் பயப்படுவான். வந்துட்டா நோட்டுல எழுதணும். எழுதிட்டா பாத்து, நேரம் போட்டு, கையெழுத்து வெக்கணும். கட்டம் காலியா இருந்தா மாசக் கூட்டத்துல மேல இருந்து கேப்பாங்க. அதுக்குத்தான் இந்தக் கடிதமெல்லாம்."

தண்ணிக்காரர் அன்றைக்குச் சாயங்காலமே இரண்டு நடை தண்ணீர் ஊற்றினார். மறுநாள் வேறு வேலையைத் தொடங்கினார். டிரெய்லருக்குத் தார்ப்பாய் கூரை கட்டினார். பழைய மெத்தைகளை அடுக்கினார். ஏறுவதற்கு ஒரு முக்காலி செய்து சங்கிலியில் தொங்கவிட்டார். ஏதோ புண்ணியத்துக்குச் செய்கிறார் என்று ஊர் நினைத்தது. ஊர் எப்போது சரியாக நினைத்திருக்கிறது? அவருக்குப் புண்ணியமும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம். செவ்வாயின் கழுத்தில் வயிறும் பிள்ளையுமாக நாலு பேரைத் தினமும் கட்டித் தொங்கவிட வேண்டும். அவ்வளவுதான்.

எந்தெந்த வீட்டில் கர்ப்பிணி இருக்கிறாள் என்று தண்ணீர் ஊற்றுகிறவனுக்குத் தெரியாததா? வீடு வீடாக நின்று ஹாரன் அடித்தார். "ஏறு" என்பார். அதற்கு மேல் பேச்சில்லை. பெண்டாட்டியும் ஒரு நாள் தானாகவே வந்து டிரெய்லரில் ஏறிக்கொண்டாள். பெண்பிள்ளைகளைக் கைப்பிடித்து ஏற்ற ஒருத்தி வேண்டுமே. அவரோடு அப்போதும் பேசவில்லை.

ஏறியவர்களில் ஒருத்திக்கு மூன்றாவது பிரசவம். வாயாடி என்றால் அவளைத்தான் சொல்ல வேண்டும். பள்ளத்தில் வண்டி விழும்போதெல்லாம் கத்துவாள்.

"பெரியப்பா! இது வண்டியா உரலா? ஆஸ்பத்திரிக்குப் போறதுக்குள்ள எம்பிள்ளை மாவா வரும் போல இருக்கே!"

"வாய மூடிக்கிட்டு உக்காரு."

"வாய மூடினா மூச்சு எப்படி விடறது? ரெண்டு பேருக்கு விடணும்ல."

அவர்களுக்கு அவர் சொல்லிக்கொடுத்தது ஒன்றே ஒன்று. யார் என்ன தாளை நீட்டினாலும் கையெழுத்துப் போடக் கூடாது. "மறுப்பு ஒண்ணும் இல்லையேன்னு கேப்பான். மறுப்பு இருக்குன்னு சொல்லணும். புரிஞ்சுதா?"

புரிந்தது. ரொம்ப நன்றாகப் புரிந்துவிட்டது. முதல் நாள், ஒரு புதன்கிழமை, ஒன்பது பெண்கள் வராந்தாவில் வரிசையாக உட்கார்ந்தார்கள். மருந்துக்காரர் வெளியே வந்தார்.

"இன்னைக்கு டாக்டர் இல்ல. செவ்வாய்க்கிழமை வாங்கம்மா."

"மறுப்பு இருக்கு" என்றாள் வாயாடி.

"என்னது?"

"மறுப்பு இருக்கு" என்றார்கள் ஒன்பது பேரும்.

"வெயில்ல ஏம்மா உக்காந்திருக்கீங்க? வீட்டுக்குப் போய்..."

"மறுப்பு இருக்கு!"

ஆயாம்மா துடைப்பத்தைக் கையில் வைத்துக்கொண்டே மூலையில் திரும்பி நின்று சிரித்தாள். தண்ணிக்காரர் நோட்டைக் கொண்டுவரச் சொன்னார். ஒவ்வொரு பேரையும், வந்த நேரத்தையும் மருந்துக்காரர் எழுதுகிற வரைக்கும் மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றார். எழுதியதைப் பெண்களில் படித்த ஒருத்தி சத்தமாகப் படித்துக் காட்ட வேண்டும். மனுஷன் இரண்டாம் தடவை ஏமாற மாட்டார்.

பதினோரு மணிக்குச் செவ்வாயின் வெள்ளைக் கார் வந்தது. புதன்கிழமையில் அந்தக் காரைப் பார்த்ததும் எதிர் டீக்கடைக்காரர், "இன்னைக்குக் கிழமை என்ன?" என்று காலண்டரைத் திருப்பினார்.

"யார் இதெல்லாம் செய்யறது?" என்றார் டாக்டர்.

"நான்தாங்க."

"பெரியவரே, சாமான் ஏத்தற வண்டியில ஆள் ஏத்தறது சட்டப்படி குத்தம். தெரியுமா? ஒரு போன் போட்டா வண்டியை எடுத்துட்டுப் போயிடுவாங்க."

"போடுங்க. இதே வண்டியிலதான் எம்பொண்ண உயிரோட ஏத்திட்டு வந்தேன். இதே வண்டியிலதான் பொணமா ஏத்திட்டுப் போனேன். அன்னைக்கு யாரும் குத்தம்னு சொல்லலியே. பிரசவத்துக்கு ஏத்தினா குத்தம், பொணமானா சாமானா?"

டாக்டர் அவரை உற்றுப் பார்த்தார். அப்போதுதான் அடையாளம் தெரிந்தது போலிருக்கிறது.

"அதுக்கு நான் வருத்தப்படறேன். ஆனா நீங்களே எழுதிக் குடுத்திருக்கீங்க."

"ஆமா. அதைத்தான் மாத்தி எழுதணும். நீங்க எழுதணும்."

"அதெல்லாம் முடியாது."

"சரிங்க" என்றார் தண்ணிக்காரர். "நாளைக்குப் பன்னெண்டு பேர் வருவாங்க."

டாக்டர் போன் போடவில்லை. போட்டால் வண்டியைப் பிடிக்க வருகிறவன், இத்தனை பேர் எதற்கு டிராக்டரில் வருகிறார்கள் என்று கேட்பான். ஆஸ்பத்திரி வண்டி எங்கே என்று கேட்பான். திருடனுக்குத் தேள் கொட்டின கதை.

பன்னிரண்டு பேர் வந்தார்கள். வெள்ளிக்கிழமை பத்து. அடுத்த வாரம் மலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து நடந்தே ஏழு பேர் வந்தார்கள், வண்டி வருமென்று கேள்விப்பட்டு. நோட்டு நிரம்பியது. கட்டங்கள் கேள்வி கேட்டன. இரண்டே வாரத்தில் நர்சம்மா டவுனிலிருந்து திரும்பி வந்தாள். பிரிட்ஜ் சாவி ஆணியில் தொங்கியது. செவ்வாய், புதனாகவும் வியாழனாகவும் ஆனார். கிழமை கூடக் கூட முகம் சுண்டியது. தண்ணிக்காரர் ஒரு நாள் டிராக்டரை எடுத்துக்கொண்டு டவுனுக்கே போனார். கிளினிக்கு எதிரில் நிறுத்தி, காசுள்ள நோயாளிகள் மணிக்கணக்கில் காத்திருந்து, திட்டிக்கொண்டே எதிர்ச்சந்து கிளினிக்குக்குப் போவதை ஒரு மணி நேரம் பார்த்தார். டீ வாங்கிக் குடித்தார். மகள் போனதிலிருந்து எதுவும் ருசிக்காத நாக்குக்கு அன்றைக்கு டீ ருசித்தது.

ஆனால் எழுத வேண்டியதை அவன் எழுதவில்லை. ஒவ்வொரு நாளும் தண்ணிக்காரர் சட்டைப் பையில் ஒரு வெள்ளைத் தாளும் பேனாவும் வைத்துக்கொண்டு போவார். "எழுதறீங்களா?" என்பார். "முடியாது" என்பார் டாக்டர். "சரிங்க" என்பார். பல் தேய்ப்பது மாதிரி ஆகிவிட்டது.

இப்படி ஆறு வாரம். ஏழாம் வாரம் வியாழக்கிழமை காலையில் வாயாடிக்கு வலி வந்தது. வண்டியில் ஏறும்போதே வாய் பேசவில்லை. அவள் பேசாததைப் பார்த்தே தண்ணிக்காரர் பெண்டாட்டிக்கு முகம் வெளுத்துவிட்டது. கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். உள்ளே டாக்டர் இருந்தார். ஆனால் பதினொன்றரைக்கு டவுனில் யாரோ பெரிய மனுஷன் வீட்டம்மாவைப் பார்க்க வேண்டுமாம். கார் சாவியைக் கையில் சுற்றிக்கொண்டே, "நர்ஸ் பாத்துப்பாங்க" என்றார்.

அன்றைக்குத் தண்ணீர் முறை. மருமகன் தம்பி இன்னொரு டிராக்டரில் டேங்கரை மாட்டிக் கொண்டுவந்து நிறுத்தியிருந்தான். தண்ணிக்காரர் அதில் ஏறி, ஆயிரக்கணக்கான லிட்டர் தண்ணீரோடு, கேட்டுக்குக் குறுக்கே நிறுத்தினார். சாவியை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டார். இந்தப் பக்கம் மதில், அந்தப் பக்கம் மதில்.

"என்னய்யா இது!"

"வண்டி ரிப்பேருங்க."

டாக்டர் கத்தினார். பிறகு வேறு வழியில்லாமல் உள்ளே போனார். பன்னிரண்டரைக்குக் குழந்தை பிறந்தது. அழுதது. தெரு முனை வரைக்கும் கேட்கிற மாதிரி, தாயைக் கொண்ட குரல். வராந்தாவில் இருந்த பெண்கள் சிரித்தார்கள். தண்ணிக்காரர் சிரிக்கவில்லை. ஐந்து நிமிஷம் போயிருக்கும். உள்ளே நர்சம்மா ஓடுகிற சத்தம். பிரிட்ஜ் திறக்கிற சத்தம். அவருக்கு அந்தச் சத்தங்கள் ஒவ்வொன்றும் தெரியும். அன்றைக்கு எதெல்லாம் கேட்கவில்லையோ, அதெல்லாம்.

டாக்டர் வெளியே ஓடிவந்தார். கையுறையெல்லாம் ரத்தம்.

"ஊசி போட்டாச்சு. குறைஞ்சிருக்கு, முழுசா நிக்கல. ரத்தம் ஏத்தணும், பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகணும். ஆஸ்பத்திரி வண்டி ஒர்க்‌ஷாப்ல இருக்கு. என் கார்லதான் போகணும். வண்டியை எடு!"

தண்ணிக்காரர் எழுந்தார். பையிலிருந்து வெள்ளைத் தாளை எடுத்தார். பேனாவை எடுத்தார்.

"எழுதுங்க."

"யோவ், உனக்குப் பைத்தியமா? உள்ள ஒருத்தி..."

"ரெண்டு வரி. எம்பொண்ணு அன்னைக்கு வந்தா, நீங்க யாரும் இல்ல. அவ்வளவுதான். எழுதிட்டுப் போங்க."

அவர் ஏழு வாரம் காத்திருந்தது இந்த நிமிஷத்துக்குத்தான். இதைவிட இறுக்கமாக அந்த ஆளின் கழுத்து இனிமேல் கைக்குக் கிடைக்காது. டாக்டர் பேனாவைப் பார்த்தார், டேங்கரைப் பார்த்தார், அவரைப் பார்த்தார்.

"இவ செத்தா நீதான்யா காரணம்" என்றார். "அப்ப நான் உங்கிட்ட மறுப்புக் கடிதம் வாங்கணும்."

தண்ணிக்காரர் நகரவில்லை. அப்போது உள்ளேயிருந்து ஒரு குரல் வந்தது.

"யோவ்! வண்டிய எடு!"

பெண்டாட்டி. கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முழங்கை வரைக்கும் ரத்தம். நாற்பது வருஷக் குடித்தனத்தில் அவள் அவரை யோவ் என்று கூப்பிட்டதே இல்லை. இரண்டு மாதமாக எப்படியும் கூப்பிட்டதில்லை.

தண்ணிக்காரர் இடுப்பிலிருந்து சாவியை எடுத்தார். தாள் கீழே விழுந்தது. ஓடினார். டேங்கரைப் பின்னால் எடுக்கிற அவசரத்தில் மதில் ஒரு முழம் இடிந்தது. அரசாங்கச் சொத்து. இடிந்தால் இடியட்டும்.

வாயாடியை வெள்ளைக் காரின் வெள்ளை சீட்டில் படுக்க வைத்தார்கள். நர்சம்மா டிரிப்ஸ் பாட்டிலைப் பிடித்துக்கொண்டாள். பெண்டாட்டி காலடியில் குந்தினாள். தண்ணிக்காரர் முன் சீட்டில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார்.

"நீ எதுக்கு?" என்றார் டாக்டர்.

"நீங்க வாசல்ல இறக்கி விட்டுட்டுக் கிளினிக்குப் போயிட மாட்டீங்களா? ஓட்டுங்க."

முப்பது கிலோமீட்டர். டாக்டர் ஓட்டினார். சும்மா சொல்லக் கூடாது, நன்றாகவே ஓட்டினார். ஓட்டத் தெரிந்தவன்தான், வேலை தெரிந்தவன்தான். தெரிந்திருந்தும் செய்யாதவனை என்ன சொல்வது? தெரியாதவனையாவது மன்னிக்கலாம்.

பெரிய ஆஸ்பத்திரியில் தலைமை டாக்டரம்மா வாசலுக்கே வந்துவிட்டாள். கண்ணாடி போட்ட, சிரிக்காத மனுஷி. வாயாடிக்கு இரண்டு பாட்டில் ரத்தம் ஏறியது. மூன்று மணிக்கு அவள் கண்ணைத் திறந்து, "பெரியப்பா, நான் கார்லயா வந்தேன்? பள்ளமே தெரியலியே" என்றாளாம். அதைக் கேட்ட பிறகுதான் தலைமை டாக்டரம்மா தன் அறையில் உட்கார்ந்து விவரம் எழுதத் தொடங்கினாள்.

"எத்தனை மணிக்கு நிலையத்துக்கு வந்தா? கிளம்ப ஏன் தாமதம்?"

"இவர் கேட்டை அடைச்சிட்டார் மேடம்" என்றார் டாக்டர்.

"ஏன் அடைச்சீங்க பெரியவரே?"

தண்ணிக்காரர் பொய் சொல்லவில்லை. "அடைச்சது நெசம். எழுதிக்கங்க. அடைக்கலேன்னா இவர் பதினொன்றரைக்கே டவுனுக்குப் போயிருப்பார். அதையும் எழுதிக்கங்க. எம்பொண்ணு போன அன்னைக்கு இவர் டவுன்ல இருந்தார். நர்சம்மா இவர் கிளினிக்ல இருந்துச்சு. ஊசி பூட்டுக்குள்ள இருந்துச்சு. அதையும் எழுதுங்க. பீரோவுல நாப்பத்துமூணு கடிதம் இருக்கு. ஒவ்வொருத்தியா கூட்டிக்கிட்டு வரேன். வண்டி என்கிட்ட இருக்கு."

நர்சம்மா சுவரோரம் நின்றிருந்தாள். தலைமை டாக்டரம்மா அவளைத் திரும்பிப் பார்த்தாள். "உண்மையா?"

நர்சம்மா டாக்டரைப் பார்க்கவில்லை. தன் கையில் காய்ந்திருந்த ரத்தத்தைப் பார்த்தாள். "உண்மைங்க மேடம்" என்றாள்.

விசாரணை மூன்று நாள் நடந்தது. நாற்பத்துமூன்று வீட்டிலிருந்தும் ஆள் வந்தார்கள். அந்தப் பெண்களில் வர முடியாதவர்கள் நான்கு பேர். மண்ணுக்குள் இருப்பவர்கள் எப்படி வருவார்கள்? மருந்துக்காரர் முதல் நாளே எல்லாவற்றையும் கக்கிவிட்டார். அந்த ஜாதி மனுஷனை ஒரு தட்டுத் தட்டினால் போதும். கடைசி நாள் செவ்வாய் தன் கையால் எழுதினார். தலைமை டாக்டரம்மா அதைத் தண்ணிக்காரருக்கும் பெண்டாட்டிக்கும் படித்துக் காட்டினாள். வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு அவள் வந்தாள். நான் இல்லை. நர்ஸ் இல்லை. மருந்து பூட்டியிருந்தது. அவள் மறுக்கவில்லை, அவளுடைய அப்பாவும் மறுக்கவில்லை.

"இன்னொரு தடவ படிங்க" என்றாள் பெண்டாட்டி.

படித்தாள். பழைய தாளைக் கிழிக்க விதி இல்லையாம். அதன் மேல் இந்தத் தாளை வைத்துக் குத்தினாள். பெண்டாட்டி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "வாங்க, போலாம்" என்றாள் அவரிடம்.

தண்ணிக்காரர் போகவில்லை. தலைமை டாக்டரம்மா அடுத்த தாளை எடுத்துக்கொண்டிருந்தாள்.

"இவரை இங்கிருந்து மாத்திடலாம்னு இருக்கோம். தலைநகரத்துல ஆபீஸ் வேலை. கிராமத்துப் பக்கமே வர மாட்டார். உங்களுக்கு..." அவள் சொல்ல வந்த வார்த்தையை நல்ல வேளையாக விழுங்கிவிட்டாள்.

தண்ணிக்காரர் டாக்டரின் முகத்தைப் பார்த்தார். ஜனங்களை நம்பாமல் வாழ்ந்த மனுஷனுக்கு ஒரு லாபம் உண்டு. முகத்தைப் படிக்கத் தெரியும். தலையைக் குனிந்துகொண்டிருந்த செவ்வாயின் உதட்டு ஓரத்தில் ஒரு சின்னத் தளர்ச்சி. மூட்டையை இறக்கி வைக்கப் போகிறவனுக்கு வருமே, அது. தலைநகரம். ஃபேன் காற்று. வயிற்றுப் பிள்ளைக்காரி ஒருத்தியும் இல்லாத மேஜை. தண்டனையாம்! தவளையைத் தண்ணீரில் தூக்கிப் போடுகிற தண்டனை.

"மாத்தாதீங்க" என்றார் தண்ணிக்காரர்.

அறையில் எல்லோரும் திரும்பினார்கள்.

"வேலையை விட்டும் எடுக்காதீங்க. எடுத்தா கிளினிக்ல உக்காந்துடுவார். இவரை இங்கேயே வைங்க. திங்கள், செவ்வாய், புதன், வியாழன், வெள்ளி, சனி. பக்கத்துல குவார்ட்டர்ஸ் பூட்டிக் கிடக்கு, அதுல குடியிருக்கச் சொல்லுங்க. தண்ணி நான் ஊத்தறேன். டவுன் கிளினிக்கை மூடச் சொல்லுங்க. எனக்கு இவர் அழியறதுல ஆசையில்ல. வேலை செய்யணும். எங்க பொம்பளைங்க ஒவ்வொருத்தியையும் கையால தொட்டுப் பாக்கணும். அவ்வளவுதான்."

"ஐயா, நீங்க மன்னிச்சுட்டீங்கன்னு..." என்று தொடங்கினார் டாக்டர்.

"யார் மன்னிச்சா?" என்றார் தண்ணிக்காரர்.

தலைமை டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். இடத்துக்கு வேறு டாக்டர் கிடைக்க எப்படியும் ஒரு வருஷம் ஆகும் என்பது அவளுக்குத் தெரியும். சம்பள உயர்வை நிறுத்தி, கிளினிக்கை மூடச் சொல்லி, தினமும் இரண்டு வேளை வருகையைத் தனக்கே போனில் சொல்ல வேண்டும் என்று எழுதினாள். மருந்துக்காரரைத்தான் தலைநகரத்துக்கு அனுப்பினார்கள். போகட்டும். வாலை விட்டால் என்ன, தலை கையில் இருக்கிறது.

டாக்டர் குவார்ட்டர்ஸுக்குக் குடிவந்து இப்போது எட்டு மாதம். அவர் பெண்டாட்டி டவுனிலேயே இருந்துவிட்டாள். காலையில் தண்ணிக்காரர் அவர் வீட்டுத் தொட்டியில் தண்ணீர் ஊற்றுவார். ஒரு நாளும் குறைத்ததில்லை. தண்ணீர் இல்லை என்று அந்த ஆள் ஒரு காரணம் சொல்லிவிடக் கூடாதே. பிறகு டேங்கரைக் கழற்றி டிரெய்லரை மாட்டிக்கொண்டு போய்ப் பெண்களை ஏற்றி வருவார். ஆஸ்பத்திரி வண்டியும் ஓடுகிறது. அது ஒரு பக்கம் போனால் இவர் ஒரு பக்கம் போவார். இந்த எட்டு மாதத்தில் நூற்றுப்பத்துப் பிள்ளைகள் பிறந்தன என்று ஆயாம்மா கணக்குச் சொன்னாள். தாய் ஒருத்தியும் போகவில்லை. "எல்லாம் உங்க புண்ணியம்ணே" என்றாள். "புண்ணியமாவது வெங்காயமாவது" என்றார்.

பெண்களை இறக்கிவிட்டதும் அவர் வராந்தா பெஞ்சில் போய் உட்காருவார். அந்தப் பெஞ்சில்தான். அங்கிருந்து பார்த்தால் டாக்டரின் மேஜை நேராகத் தெரியும். மேஜையிலிருந்து பார்த்தால் பெஞ்சு தெரியும். டாக்டர் ஒரு முறை மேஜையைத் திருப்பிப் போட்டார். ஆயாம்மா கூட்டுகிற சாக்கில் பழையபடி போட்டுவிட்டாள்.

இன்றைக்குச் சனிக்கிழமை. பதினான்கு பேர். பன்னிரண்டு மணிக்கு ஒன்பது பேரைப் பார்த்து முடித்துவிட்டு டாக்டர் கைகழுவ வெளியே வந்தார். தலை நரைத்துவிட்டது. பெஞ்சின் எதிரில் நின்றார்.

"இன்னும் எத்தனை நாள் இப்படி வந்து உக்காருவீங்க?"

தண்ணிக்காரர் அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"நீங்க ரிடையர் ஆக எத்தனை வருஷம் இருக்கு?"

"பதினொண்ணு."

தண்ணிக்காரர் விரலை மடக்கினார். தன் வயசு அறுபத்தாறு. அறுபத்தாறும் பதினொன்றும் எழுபத்தேழு. அவருடைய அப்பா எண்பத்திரண்டு வரைக்கும் மாடு மேய்த்தவர்.

"தாங்கும்" என்றார். "உள்ள போங்க. அஞ்சு பேர் உக்காந்திருக்காங்க."